ஃபேடர் நகரவே இல்லையென்றால் அது என்ன மிக்ஸ்?

இதை இன்னும் எத்தனை பேரிடம்தான் சொல்வது? தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் ஒரே பாட்டாகச் சேர்ப்பதுதான் மிக்ஸ். வாய்ஸுக்கு ஒரு லெவல், டிரம்ஸுக்கு ஒரு லெவல், ஸ்ட்ரிங்ஸுக்கு ஒரு லெவல் என்று ஃபேடர்களை, அதாவது சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளுபொத்தான்களை, நிறுத்திவிட்டு எக்ஸ்போர்ட் அடித்தால் அதற்குப் பெயர் மிக்ஸ் இல்லை. பாடகர் ஒரு வரியை முணுமுணுக்கிறார், அடுத்த வரியில் தொண்டையைத் திறக்கிறார், சரணத்தில் மேலே போகிறார். புல்லாங்குழல் நாலு பார், அதாவது நாலு தாளச் சுற்று, வந்து போகிறது. பாட்டு நொடிக்கு நொடி மாறும்போது ஃபேடர் மட்டும் அப்படியே கிடந்தால் எப்படி ஈடுகொடுக்கும்? ஃபேடர் எந்த நொடியில் எவ்வளவு நகர வேண்டும் என்று எழுதி வைக்க ஆட்டோமேஷன் என்று ஒன்றை எல்லா மிக்ஸிங் சாஃப்ட்வேரிலும் கொடுத்து வைத்திருக்கிறார்களே, அது எதற்கு?

இப்படிக் கேட்டால் வரும் பதில்தான் எனக்கு ரத்தக்கொதிப்பை ஏற்றுகிறது. “அதான் கம்ப்ரெஸர் போட்டிருக்கோமே சார்!”

கம்ப்ரெஸருக்கு என்ன தெரியும்? சத்தம் ஒரு அளவைத் தாண்டினால் அமுக்கும். அவ்வளவுதான். எந்தச் சொல்லில் வரியின் உயிர் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தமிழ்ப் பாட்டில் இந்தப் பிரச்சினை இன்னும் மோசம். வந்தேனா, வந்தாயா, வந்தாளா என்பது நமக்கு வரியின் கடைசி அசையில்தான் தெரியும். பாடுகிறவருக்கு மூச்சு தீர்வதும் சரியாக அந்த இடத்தில்தான். அந்த அசை உள்ளே அமுங்கும், அதே நேரம் கிக் டிரம் வந்து அதன் மேல் உட்காரும். பாடலாசிரியர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதிய வரி, கேட்கிறவன் காதில் பாதியாகப் போய்ச் சேரும். அப்புறம் “இப்பல்லாம் பாட்டுல வார்த்தையே புரியறதில்ல” என்று ஊரே பேசும். புரியாமல் போனதற்குப் பாடகர் மட்டுமா காரணம்?

இதற்குச் செய்ய வேண்டிய வேலை என்னவென்று சொல்கிறேன். வாய்ஸ் டிராக்கின் வால்யூம் கோட்டைத் திறந்து, அந்தக் கடைசி அசைக்கு முன்னும் பின்னும் புள்ளி வைத்து, அதை மட்டும் ஒன்றரை இரண்டு டிபி (டெசிபல், சத்தத்தின் அளவு) தூக்க வேண்டும். அடுத்த வரிக்கு முன்னால் வரும் மூச்சு, கம்ப்ரெஸர் அமுக்கியதை ஈடுகட்ட மொத்தச் சத்தத்தையும் ஏற்றியதில் பெரிதாகிப் போயிருக்கும். அதை இறக்க வேண்டும், ஆனால் வெட்டி எறியக் கூடாது. மூச்சே இல்லாவிட்டால் பாடுவது ஆள் மாதிரியே இருக்காது. வரிக்குள் கத்தலாக விழும் சொல்லை கிளிப் கெயினிலேயே, அதாவது பதிவான துண்டின் சத்த அளவிலேயே, குறைத்துவிட வேண்டும், ஏனென்றால் அது கம்ப்ரெஸருக்கு முன்னால் இருக்கிறது. ஃபேடர் அதற்குப் பின்னால் இருக்கிறது. இந்த முன் பின் வித்தியாசம் தெரியாமலே வருஷக்கணக்கில் மிக்ஸ் பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். இப்படி வரி வரியாகப் பாட்டு முழுக்கப் போக வேண்டும். நேரம் பிடிக்கும்தான். பிடிக்கட்டுமே!

ஆனால் அந்த நேரத்துக்குக் காசு கேட்டால் பாட்டைக் கொண்டுவருகிறவர்களின் முகம் மாறுகிறது. “பேலன்ஸ் மட்டும் பண்ணிக் குடுங்க, மீதியை மாஸ்டரிங்ல பார்த்துக்கலாம்.” மாஸ்டரிங் என்பது முடிந்த மிக்ஸுக்குப் போடும் கடைசி மெருகு. அதில் எதைப் பார்ப்பீர்கள்? அங்கே போவது இடது வலது என்று ஒரே ஸ்டீரியோ ஃபைல். அதற்குள் அமுங்கிப்போன ஒரு அசையைத் தனியாக யார் தோண்டி எடுப்பது?

அடுத்து வருவது பல்லவி பஞ்சாயத்து. “பல்லவி திரும்ப வரும்போது சும்மா தூக்கணும், ஆனா முதல் நொடியிலிருந்தே எல்லாம் ஃபுல்லா இருக்கணும்.” எங்கே தூக்குவது? கூரையில் ஏற்கெனவே தலை முட்டிக்கொண்டு நிற்கிறதே! பல்லவி பெரிதாகத் தெரிய வேண்டுமானால் அதற்கு முந்தைய பகுதி சின்னதாக இருக்க வேண்டும். சரணத்தின் கடைசி வரியில் மொத்த மிக்ஸையும் ஒரு டிபி அளவுக்கு மெல்ல இறக்கி, பல்லவியின் முதல் அடியில் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால் போதும். இறங்கியது யாருக்கும் தெரியாது, ஏறியது எல்லோருக்கும் தெரியும். பின்னணியில் நீண்டு ஒலிக்கும் பேடுக்கு, கூர்மையான மேல் ஒலிகளை வெட்டும் ஒரு லோ பாஸ் ஃபில்டர் போட்டு மூடி வைத்து, இன்டர்லூடின் கடைசி இரண்டு பாரில் திறந்துகொண்டே வரலாம். சரணத்தில் கித்தார்களை நடுவுக்குக் கொஞ்சம் நெருக்கி, பல்லவியில் இரண்டு ஓரத்துக்கும் விரிக்கலாம். குத்துப்பாட்டுக்கும் இதுதான். தாளம் இறங்கி அடிப்பதற்கு முன்னால் அரை பார் அடங்கினால்தான் அந்த அடி நெஞ்சில் விழும். எல்லாவற்றையும், சத்தத்தை ஒரு எல்லையைத் தாண்ட விடாத லிமிட்டரில் போட்டு நசுக்கினால் ஸ்பாட்டிஃபை சாதாரண செட்டிங்கில் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (காதுக்குத் தெரியும் சத்தத்தின் அளவு) குறைத்துத்தான் கேட்க வைக்கும். நசுக்கியது நசுங்கியபடியே நிற்கும், சத்தம் மட்டும் போய்விடும். இதைச் சொன்னால் போனில் வைத்துக் கேட்டுவிட்டு “இன்னும் கொஞ்சம் லவுடா” என்று வாய்ஸ் மெசேஜ் வருகிறது.

ஆட்டோமேஷன் முழுக்க முடித்த பிறகு வருகிற திருத்தங்கள் வேறு கதை. “வாய்ஸை ஒரு டிபி ஏத்துங்க, ஒரு நிமிஷ வேலைதானே” என்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பர் உரிமையோடு கை நீட்டி ஃபேடரைத் தூக்குவார். பிளே பண்ணியதும் அது எழுதி வைத்த கோட்டுக்கே திரும்பிப் போய் நிற்கும். “சிஸ்டம் ஹேங் ஆகுது போல” என்பார். ஹேங் ஆகவில்லை ஐயா, அங்கே வேலை நடந்திருக்கிறது! ஏற்ற வேண்டுமானால், எழுதிய கோட்டைக் கலைக்காமல் மொத்தமாக ஏற்றி இறக்கும் டிரிம்மிலோ விசிஏ ஃபேடரிலோ ஏற்றலாம், அது உண்மையிலேயே ஒரு நிமிஷம்தான். ஆனால் அதற்கு அடுத்த நாள் “பாடகர் திரும்பப் பாடியிருக்கார், இதை மாத்திப் போட்டுடுங்க” என்று ஒரு புது டேக் வருகிறதே, அதற்கு என்ன சொல்வது? பழைய மூச்சுக்கும் பழைய இழுப்புக்கும் அளந்து வைத்த புள்ளிகள் புதுக் குரலில் எங்கெங்கோ விழுகின்றன. மெதுவாகப் பாடிய இடத்தை இறக்குகிறது, கத்திய இடத்தைத் தூக்குகிறது. முதலிலிருந்து மறுபடி உட்கார வேண்டும். இதற்குத் தனிக் காசு கேட்டால் நான் பேராசைக்காரன்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் இந்த வேலையைக் கையால் செய்தார்கள். பெரிய கன்சோலைச் சுற்றி இன்ஜினியர், அசிஸ்டென்ட், சமயத்தில் வாசித்த கலைஞர்களே நின்று ஆளுக்கு நாலு ஃபேடரைப் பிடித்துக்கொண்டு, யார் எந்த இடத்தில் எவ்வளவு தள்ளுவது என்று ஒத்திகை பார்த்துவிட்டு டேப்பை ஓட்டினார்கள். ஒருவர் தவறவிட்டாலும் மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும், இல்லையென்றால் சரியாக வந்த பகுதிகளை வெட்டி ஒட்ட வேண்டும். 1970களில் இங்கிலாந்தின் நீவ் கம்பெனி நெகாம் என்ற சிஸ்டத்தைக் கொண்டுவந்தது. நகர்த்தியதை அது நினைவில் வைத்துக்கொண்டு மோட்டாரால் ஃபேடரைத் தானே நகர்த்தியது. பெரிய ஸ்டுடியோக்களால் மட்டுமே அந்த வசதியை நினைத்துப் பார்க்க முடிந்தது. இன்றைக்கு ஒரு சாதாரண லேப்டாப்பில் ஃபேடர், ஒலியை இடம் வலம் தள்ளும் பேன், முழக்கத்தைக் கூட்டும் ரிவெர்ப் செண்ட், பிளக்இன்னில் இருக்கிற குமிழ் என்று கிட்டத்தட்ட எதை வேண்டுமானாலும் நகர்த்தலாம். தப்பானால் ஒரு அன்டூ. இவ்வளவும் கையில் இருந்தும் பாட்டு முழுக்க ஒரு கோடும் அசையவில்லை என்றால் எனக்குக் கோபம் வராமல் என்ன வரும்?

அசைத்தால் போதும் என்று கிளம்புகிறவர்கள் இன்னொரு பக்கம். யூட்யூபில் 8டி ஆடியோ என்று ஒன்று சுற்றுகிறதே, முழுப் பாட்டையும் எடுத்து மண்டையைச் சுற்றிச் சுற்றி ஓட விடுகிறார்கள். தாலாட்டும் சுற்றுகிறது, ஒப்பாரியும் சுற்றுகிறது. அதைக் கேட்டுவிட்டு வந்து “நம்ம பாட்டுலயும் வாய்ஸ் அந்த மாதிரி சுத்தணும்” என்று கேட்கிறார்கள். காதலைச் சொல்கிறவள் எதிரில் நின்று சொல்ல வேண்டாமா? சுற்ற வைக்க ஆசையிருந்தால் பின்னால் ஓடும் ஷேக்கரை மெல்ல இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக விடுங்கள். ஒரு வரியின் கடைசிச் சொல்லுக்கு மட்டும் எதிரொலி தரும் டிலே செண்டைத் திறந்து மூடுங்கள், அந்தச் சொல் காற்றில் போய்க் கரையட்டும். குரலை விட்டுவிடுங்கள்.

நான் கேட்பது ரொம்பப் பெரியதா? முடிவான டேக்கைக் கொடுத்த பிறகு மிக்ஸைக் கேளுங்கள். ஆட்டோமேஷனுக்கு என்று ஒரு நாளைத் தனியாக ஒதுக்கி, அதற்கான கூலியையும் பட்ஜெட்டில் எழுதுங்கள். முதலில் மேலோட்டமாகப் போட்ட ரஃப் மிக்ஸையும் என் மிக்ஸையும் ஒரே சத்தத்தில் வைத்து, பாட்டு முழுவதையும் கேட்டுவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள். முதல் பதினைந்து நொடியைக் கேட்டுவிட்டு “ஓப்பனிங் டல்லா இருக்கு” என்று அனுப்பாதீர்கள். அந்த ஓப்பனிங்கை நான் வேண்டுமென்றேதான் இறக்கி வைத்திருக்கிறேன்.