வைக்காத புத்தகத்தை யார் வாங்குவது?

புத்தகக் கடைக்காரர் ஒருவர் மேடையில் பேசிய அந்தக் காணொளியை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கடையின் பெயரையோ பேசியவரின் பெயரையோ இங்கே இழுக்கப் போவதில்லை. "கவிதைத் தட்டையே எடுத்துட்டேன், வாங்க ஆள் இல்லை" என்று அவர் சொன்னதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அதற்கு அரங்கமே சிரித்ததே, அதைத்தான் தாங்க முடியவில்லை. சிரித்தவர்களில் எழுதுகிறவர்களும் இருந்தார்கள்.

எனக்கு ஒரே கேள்விதான். வைக்காத புத்தகத்தை யார் வாங்குவார்கள்?

எங்கள் திருநெல்வேலியையே எடுத்துக்கொள்ளுங்கள். கவிஞர் கல்யாண்ஜி இந்த ஊர்க்காரர். கலாப்ரியா, விக்ரமாதித்யன் எல்லாம் இந்த மண்ணில் பிறந்தவர்கள். தேவதச்சன் பக்கத்துக் கோவில்பட்டி. புதுக்கவிதையைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இந்தப் பெயர்களைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் நான் வழக்கமாகப் போகிற கடையில் இவர்களில் ஒருவரின் தொகுப்பும் இல்லை. சொந்த ஊரிலேயே இல்லை.

போன விடுமுறைக்குத் தங்கை மகள் வந்திருந்தாள். கல்லூரி முதலாண்டு. வகுப்பில் அவளுடைய ஆசிரியர் பாடத்தில் இல்லாத ஆத்மாநாம் கவிதை ஒன்றை வாசித்துக் காட்டியிருக்கிறார். அது அவளை விடவில்லை. அந்தப் புத்தகம் வேண்டும் என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தக் கடைக்கே கூட்டிப்போனேன். வாசலிலிருந்து போட்டித் தேர்வு வழிகாட்டிகள், அப்புறம் சுயமுன்னேற்றம், சமையல், ஜோதிடம். கவிதை எங்கே என்று கேட்டதும் அங்கிருந்த பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு மாடிப்படிக்குக் கீழே கை காட்டினான். குனிந்து பார்த்தோம். பாரதியார் கவிதைகள் மலிவுப் பதிப்பில், கெட்டி அட்டையில், கையடக்கப் பதிப்பில். பாரதிதாசன். சினிமாப் பாடல் தொகுப்புகள். காதலர்களுக்கான வரிகள் என்று பளபளப்பான அட்டையோடு சில. அவ்வளவுதான்.

"பாரதிக்கு அப்புறம் யாரும் எழுதலையா பெரியம்மா?" என்று கேட்டாள். அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. அந்தத் தட்டைப் பார்த்த யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

பாரதி எல்லாக் கடையிலும் கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் எழுத்துகளின் உரிமையை 1949இல் அரசு பெற்று, பிறகு மக்களுக்குப் பொதுவாக்கியது. யாரும் அச்சிடலாம், விலை குறைவு, எங்கும் கிடைக்கும். அது நடந்ததில் எனக்குப் பெருமைதான். ஆனால் பாரதி இறந்தது 1921இல். அதற்குப் பின் நூறு ஆண்டுக் கவிதை எங்கே?

கடை நடத்துவதன் கஷ்டம் உனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். நூறு ரூபாய்த் தொகுப்புக்கு 35 சதவீதக் கழிவு என்றால் கடைக்கு நிற்பது 35 ரூபாய். எழுநூறு ரூபாய் நாவல் ஒன்று விற்றால் 245. வாடகையும் ஆள் சம்பளமும் கொடுக்கிறவர் எதை முன்னால் வைப்பார் என்பது புரிகிறது. நான் முன்வாசலைக் கேட்கவில்லை. ஒரு தட்டு, கண் மட்டத்தில், அட்டை தெரிகிற மாதிரி. கவிதைத் தொகுப்பு அறுபத்து நான்கு பக்கம், எண்பது பக்கம் இருக்கும். முதுகில் பெயர் அச்சடிக்கவே இடம் இருக்காது. அதை இரண்டு தடிமனான புத்தகங்களுக்கு நடுவே செருகிவிட்டு விற்கவில்லை என்றால் என்ன நியாயம்?

கவிதை விற்காது என்பதும் பொய். மு. மேத்தாவின் கண்ணீர்ப் பூக்கள் 1974இல் வந்து எத்தனை பதிப்பு கண்டது என்று பழைய புத்தக வியாபாரிகளைக் கேளுங்கள்.

"ஆன்லைனில் எல்லாம் கிடைக்கிறதே!" இதைச் சொல்ல நாலு பேர் தயாராக இருப்பீர்கள். பெயர் தெரிந்தால்தானே தேட முடியும்? தங்கை மகளுக்கு ஆத்மாநாம் பெயர் தெரியும். சுகுமாரன் பெயரும் தேவதேவன் பெயரும் அவளுக்கு எப்படித் தெரியும்? கடையில் ஒன்றைத் தேடும்போது பக்கத்தில் இருக்கும் இன்னொன்று கையில் வரும். நான் படித்த கவிஞர்களில் பாதிப் பேர் எனக்கு அப்படிக் கிடைத்தவர்கள்தான். அதோடு, குறைந்த செலவில் புத்தகம் அனுப்ப உதவிய பதிவுப் புத்தக அஞ்சலையும் 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். மெலிந்த புத்தகத்தை வரவழைக்கிற செலவு, புத்தக விலையில் பாதிக்கு வந்து நிற்கிறது.

இன்னொரு பேச்சு, எனக்கு மிகவும் கோபம் வருவது: "இப்போ எல்லோரும் கவிஞர்கள், குப்பைதான் அதிகம்." மோசமான நாவல்கள் வரவில்லையா? மோசமான சுயமுன்னேற்ற நூல்கள் வரவில்லையா? அதற்காக யாராவது அந்த அலமாரிகளை எடுத்தார்களா? சல்மா, குட்டி ரேவதி, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகிய பெண் கவிஞர்கள் பெண் உடலைப் பற்றி எழுதியதற்காக அவர்களை மேடையில் திட்டினார்கள், பத்திரிகையில் திட்டினார்கள். திட்டியவர்கள் படித்துவிட்டா திட்டினார்கள்? படிக்க நினைத்த எங்களைப் போன்ற பெண்களுக்கு எங்கள் ஊர்க் கடையில் ஒரு பிரதிகூட இல்லை. ஈழத்துக் கவிதைகளுக்காக மேடையில் கண்ணீர் விடுகிறவர்களும் அப்படித்தான். ஈழத்துக் கவிஞர் சேரனின் தொகுப்பைக் கடையில் கேட்டால், "எந்தச் சேரன்?" என்கிறார்கள்.

எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' என்ற இலக்கியப் பத்திரிகையைத் தொடங்கினார். 1962இல் 'புதுக்குரல்கள்' என்ற புதுக்கவிதைத் தொகுப்பைக் கொண்டுவந்தார். புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர் அவர். இன்றைக்கும் கவிஞர்கள் தோள்பையில் தங்கள் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இலக்கியக் கூட்டத்துக்கும் போகிறார்கள். அவர்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம்.

என் தோழி ஒருத்தி நகையை அடகு வைத்துத் தன் தொகுப்பைக் கொண்டுவந்தாள். விற்ற பின் பணம் என்ற பேச்சில் ஒரு கடையில் கொடுத்தாள். பிறகு விசாரிக்கப் போனபோது விற்கவில்லை, எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள். கூட நானும் போயிருந்தேன். பின்னறையிலிருந்து கொண்டுவந்து போட்டார்கள். அவள் கட்டிக் கொடுத்த சணல் கயிறு அப்படியே இருந்தது. கட்டைப் பிரிக்கவே இல்லை. பிரிக்காமலே விற்கவில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் அவள் எழுதி நான் பார்க்கவில்லை.

இதையெல்லாம் பார்த்தவளுக்கு அந்த அரங்கச் சிரிப்பு எப்படி இருக்கும்?

கடைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். உங்கள் மாவட்டத்துக் கவிஞர்களின் பட்டியலை, பதிப்பக விவரத்தோடு, நானே தயாரித்துத் தருகிறேன். கவிதைக்கு ஒழுங்கான தட்டு வைத்திருக்கிற கடை உங்கள் ஊரில் இருந்தால், ஊரையும் கடையையும் கீழே சொல்லுங்கள். தங்கை மகள் இன்னும் ஆத்மாநாமைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.