2016-இல் டிராய் தடுத்தது இலவச இணையத்தை அல்ல

ஏழைகளுக்கு இலவசமாகக் கிடைக்கவிருந்த இணையத்தை 2016-இல் டிராய் (இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) தடை செய்துவிட்டது என்று இங்கே பலர் பகிர்ந்திருக்கிறார்கள். பணிவுடன் ஒரு திருத்தம்: இலவச டேட்டாவை டிராய் ஒட்டுமொத்தமாகத் தடை செய்யவில்லை. அவ்வாண்டு பிப்ரவரி 8 அன்று வெளியான ஒழுங்குமுறை, பயனர் எந்தத் தளத்தைத் திறக்கிறார் என்பதைப் பார்த்துத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கட்டணத்தைக் கூட்டுவதையும் குறைப்பதையும்தான் தடுக்கிறது. ஃபேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்தில் அதன் பட்டியலில் இடம்பெற்ற தளங்களுக்கு மட்டும் கட்டணம் இல்லை. பட்டியலுக்கு வெளியே ஒரு சுட்டியைத் தொட்டால் டேட்டாவுக்குப் பணம் கட்ட வேண்டும். அதனால்தான் அது இந்தியாவில் நிறுத்தப்பட்டது. முதன்முதலாக இணையத்துக்கு வரும் ஒருவர் எதைப் படிக்கலாம் என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும் என்பதால், இந்த வேறுபாட்டை மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்.

சரிபார்ப்பது எளிது. டிராய் இணையதளத்தின் ஒழுங்குமுறைகள் பகுதியில் மேற்சொன்ன தேதியைக் கொண்டு தேடினால் ஆவணம் கிடைக்கும். அதன் 3-ஆம் விதியில் தடை இருக்கிறது. அவசரகாலச் சேவைகளுக்கு அடுத்த விதியிலேயே விலக்கும் உண்டு. ஆவணத்தின் இறுதியில் உள்ள விளக்கக் குறிப்பையும் தயவுசெய்து படியுங்கள்: முழு இணையத்தையும் அணுக வழிசெய்யும் வரம்புக்குட்பட்ட இலவச டேட்டாவை நிறுவனங்கள் வழங்கலாம் என்று அங்கே வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது.