எந்த ஐரோப்பா?

"ஐரோப்பாக்காரர்களுக்கு என்ன குறை, எல்லோரும் பணக்காரர்கள்." இதை இன்னும் எத்தனை காலம் கேட்டுக்கொண்டிருப்பது? எந்த ஐரோப்பா? 2024 ஜனவரியில் லக்சம்பர்க்கில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2,571 யூரோ. பல்கேரியாவில் 477. இரண்டும் ஒரே ஐரோப்பிய ஒன்றியத்தில்தான் இருக்கின்றன. ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கும்போது எல்லோரையும் எப்படி ஒரே தராசில் நிறுத்துகிறார்கள்?

அடுத்த பல்லவி, கிரேக்கர்கள் சோம்பேறிகள், அதனால்தான் நாடு கடனில் மூழ்கியது என்பது. இதுதான் எனக்குப் பொறுக்கவே முடியாதது. 2023இல் ஒன்றியத்திலேயே அதிக நேரம் உழைத்தவர்கள் அவர்கள்தான், வாரத்துக்குச் சராசரியாக 39.8 மணி நேரம். நெதர்லாந்தில் 32.2. டச்சுக்காரர்களை யாராவது சோம்பேறி என்கிறார்களா? உழைத்தும் ஏழையாக இருப்பவனுக்கு வசையும் சேர்த்துக் கொடுப்பது என்ன நியாயம்?

அயர்லாந்தைப் பற்றிய பிரமிப்பும் அப்படித்தான். 2015இல் அதன் பொருளாதாரம் ஒரே ஆண்டில் 25 சதவீதத்துக்கு மேல் வளர்ந்ததாகக் கணக்கு காட்டியது. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் சொத்துக்களை ஏட்டளவில் அங்கே மாற்றியதே அதற்கு முக்கியக் காரணம். அந்தப் பணம் டப்ளினில் வாடகை வீடு தேடி அலைபவரின் பைக்கு வந்ததா?

பணக்கார நாடு என்கிறார்களே, அந்த ஜெர்மனி? ஐரோப்பிய மத்திய வங்கி 2013இல் வெளியிட்ட ஆய்வில் அங்கே சொத்து வரிசையில் நட்டநடுவில் இருக்கும் குடும்பத்தின் நிகரச் சொத்து (கடன் போக மிஞ்சுவது) 51,400 யூரோ. ஸ்பெயினில் 182,700! ஜெர்மானியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வாடகை வீட்டில் வாழ்கிறார்கள், ஸ்பெயினில் பெரும்பாலோருக்குச் சொந்த வீடு. சம்பளம் வேறு, சொத்து வேறு என்பதைக்கூடப் பிரித்துப் பார்க்க மாட்டார்களா? இத்தாலிக்குள்ளேயே வடக்கில் இருக்கும் பணக்கார மிலானும் தெற்கில் இருக்கும் ஏழைக் கலாப்ரியாவும் இரண்டு உலகங்கள். அதைச் சொல்லத் தொடங்கினால் உடனே பேச்சை மாற்றிவிடுகிறார்கள்!