கோல் இல்லாத சமநிலைக்குப் பெனால்டி கிடையாது

சனிக்கிழமை இரவு, பட்டர்வொர்த்தில் ஒரு மாமாக் கடை. பெரிய திரையில் இங்கிலீஷ் லீக் ஆட்டம், 0-0. எழுபது நிமிடத்துக்கு மேல் திரையைவிட என் தே தாரிக்கில் படிந்த ஆடைதான் சுவாரசியமாக இருந்தது. இரண்டு அணியும் நடுத்திடலில் பந்தை உருட்டிக்கொண்டிருந்தார்கள், கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி.

பக்கத்தில் அக்கா மகன். அவனுக்கு இருபத்திரண்டு வயது, எல்லாவற்றுக்கும் தீர்வு வைத்திருப்பான். "மாமா, கோலுக்கு ஒரு புள்ளி குடுத்துடணும் லா. அப்புறம் பாருங்க, எவனாவது இப்படி ஆடுவானா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் அதே தீர்வை வைத்து நான் ஒருமுறை அடி வாங்காத குறையாக வீடு திரும்பியிருக்கிறேன்.

எங்கள் தாமானில் பள்ளி விடுமுறைக்கு ஏழு பேர் ஆடும் போட்டி நடத்துவோம். நுழைவுக் கட்டணம் 150 வெள்ளி, ஜெயித்தால் கிண்ணமும் ஒரு ஹேம்பரும். ஒரு வருடம் விதிமுறை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஆட்டம் சூடாக இருக்கட்டும் என்று, தோற்றாலும் ஜெயித்தாலும் மூன்று கோல் அடித்த அணிக்கு ஒரு புள்ளி கூடுதல் என்று எழுதிவிட்டேன். கடைசிக் குழு ஆட்டம். ஆடும் இரண்டு அணிக்கும் ஆளுக்கு 4 புள்ளி. மூன்றாவது அணி 5 புள்ளியோடு தன் ஆட்டங்களை முடித்துவிட்டு வேலியோரம் உட்கார்ந்து பார்க்கிறது. ஆட்டம் 1-1. இரண்டு கேப்டன்களும் ஏதோ பேசிக்கொண்டார்கள். அடுத்த நான்கு நிமிடத்தில் நான்கு கோல்! 3-3. ஒரு கோல் விழும்போது கோல்கீப்பர் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார். சமநிலைக்கு ஒன்று, மூன்று கோலுக்கு ஒன்று, ஆளுக்கு 6. இருவரும் அரையிறுதிக்குப் போனார்கள், வேலியோரம் இருந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அவர்களுடைய மேனேஜர் லோரி ஓட்டுகிற அண்ணன். நேராக மேசைக்கு வந்து, "இந்த ரூல எழுதுன மகாராசன் யாரு?" என்று கேட்டார். நான் ஹேம்பருக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

கோலுக்குப் புள்ளி என்பது அமெரிக்காவின் பழைய லீக் ஒன்றில் பல வருடம் நடைமுறையிலேயே இருந்தது. வென்றால் 6 புள்ளி, அதற்கு மேல் மூன்று கோல் வரை கோலுக்கு ஒன்று. அந்த லீக் 1984-ஓடு மூடப்பட்டது. பணம் தீர்ந்ததால் மூடினார்கள், புள்ளி முறையால் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு, எனக்குத் தெரிந்து, வேறு பெரிய லீக் எதுவும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

விதி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது 1994 கரீபியன் கிண்ணத் தகுதிச் சுற்றைப் படித்திருக்க வேண்டும். பார்படோஸ், கிரெனடா ஆட்டம். அந்தப் போட்டியில் சமநிலையே கிடையாது. கூடுதல் நேரத்தில் முதலில் விழும் கோல் ஆட்டத்தை முடித்துவிடும், அதோடு அந்தக் கோல் இரண்டாகக் கணக்காகும். பார்படோஸ் முன்னேற இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். 2-0 என்று முன்னிலையில் இருந்தபோது 83-ஆவது நிமிடத்தில் கிரெனடா ஒன்று போட்டது. 2-1. மீதி நேரத்தில் இன்னொரு கோல் அடிப்பது கஷ்டம். கூடுதல் நேரத்துக்குப் போனாலோ ஒரு கோலே இரண்டு. பார்படோஸ் ஆட்டக்காரர் திரும்பி நின்று தன் சொந்த வலையிலேயே பந்தைப் போட்டார். 2-2. கிரெனடாவுக்குச் சூட்சுமம் புரிந்துவிட்டது. எந்தப் பக்கம் கோல் விழுந்தாலும் தங்களுக்கு லாபம் என்று அவர்களும் தங்கள் வலையைத் தேடி ஓட, பார்படோஸ்காரர்கள் இரண்டு கோல்கம்பத்தையும் காவல் காத்தார்கள். எதிரணியின் கோல்கம்பத்தைக் காவல் காப்பது! கடைசியில் கூடுதல் நேரத்தில் பார்படோஸ் அடித்த கோலோடு 4-2. நினைத்தபடியே முன்னேறினார்கள்.

சரி, இப்போது இருக்கும் மூன்று புள்ளி விதிக்கு வருவோம்: வெற்றிக்கு 3, சமநிலைக்கு 1, தோல்விக்கு 0. வெற்றிக்கு 2 என்று இருந்ததை 3 ஆக்கியது இங்கிலாந்து, 1981-இல். யோசனை அந்த ஊர்க் கால்பந்துப் பிரமுகர் ஜிம்மி ஹில்லுடையது. உலகக் கிண்ணத்துக்கு அது 1994-இல்தான் வந்தது. கணக்கு நியாயமாகத்தான் தெரியும். 0-0 என்று நிற்கும்போது துணிந்து முன்னேறினால் ஜெயிக்கவும் தோற்கவும் சரிபாதி வாய்ப்பு என்று வையுங்கள். பழைய விதியில் துணிந்தாலும் சராசரி 1, சும்மா இருந்தாலும் 1. புதிய விதியில் துணிந்தால் ஒன்றரை.

ஆனால் முதல் கோல் விழுந்ததும் கதை மாறிவிடுகிறது. 1-0 என்று முன்னே இருப்பவன் ஒரு கோல் வாங்கினால் முன்பு ஒரு புள்ளிதான் போகும், இப்போது இரண்டு. அவன் ஏன் ஏறி ஆடப்போகிறான்? கதவைச் சாத்துவான், காலைப் பிடித்து உருளுவான், மாற்று ஆட்டக்காரரை வாக்கிங் போகிற மாதிரி வெளியே அனுப்புவான். இது என் புலம்பல் மட்டும் இல்லை. லூயிஸ் கரிகானோ, இக்னாசியோ பலாசியோஸ் ஹுவெர்தா என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஸ்பெயின் லீக்கை வைத்து ஆராய்ந்தார்கள். மூன்று புள்ளி வந்த பிறகு கோல் எண்ணிக்கை கூடவில்லை, முரட்டு ஆட்டம் கூடியது என்பதுதான் அவர்கள் கண்டது.

இன்னொரு சங்கடமும் உண்டு. வெற்றி தோல்வி என்றால் ஆட்டம் பங்கிடுவது மூன்று புள்ளி, சமநிலை என்றால் இரண்டு. ஆக, சமமான இரண்டு அணிகள் உள்ளூரிலும் வெளியூரிலும் சமநிலை கண்டால் ஆளுக்கு 2. "இங்கே நீ ஜெயி, அங்கே நான் ஜெயிக்கிறேன்" என்று பேசிக்கொண்டால் ஆளுக்கு 3. 1994-95-இல் ஆட்டத்தை விற்ற கதை வெடித்து, போலீஸ் ஆட்டக்காரர்களைத் தேடி வந்த நாடு நம் மலேசியா. இந்தக் கணக்கை நாம் சும்மா தாண்டிப் போக முடியாது.

அதனால் சமநிலையானால் பெனால்டி வைக்கலாம், ஜெயித்தவனுக்கு 2, தோற்றவனுக்கு 1 என்றேன் அக்கா மகனிடம். மொத்தம் எப்போதும் மூன்று. ஜப்பான் லீக் தொடங்கிய 1993-இல் அங்கே சமநிலையே கிடையாது. அமெரிக்காவின் இப்போதைய லீக்கும் 1999 வரை சமநிலை ஆட்டத்தை ஷூட்-அவுட்டில்தான் முடித்தது. பிறகு இருவரும் விட்டுவிட்டார்கள், அது வேறு.

பையன் மீ கோரேங்கை மென்றுகொண்டே மடக்கினான். "அப்போ 0-0-ல நின்னாலே சராசரி ஒன்றரை கெடைக்குமே மாமா. ஏறி ஆடுனாலும் ஒன்றரைதான். நோஞ்சான் டீம் பத்து பேரையும் பின்னாடி நிறுத்திட்டு பெனால்டிக்குக் காத்திருக்கும்."

சரிதான். வாயடைத்துப்போய் இன்னொரு தே ஓ ஐஸ் சொன்னேன். அது வருவதற்குள் தோன்றியதுதான் இந்தப் பதிவே.

0-0 என்று முடிந்தால் ஆளுக்கு 1, வீட்டுக்குப் போங்கள், பெனால்டி கிடையாது. கோல் அடித்துச் சமநிலை ஆனால் மட்டும் பெனால்டி. ஜெயித்தவனுக்கு 2, தோற்றவனுக்கு 1. அவ்வளவுதான்.

இதில் 0-0-ஐக் கட்டிக் காத்தால் ஒன்றுக்கு மேல் வராது. முதல் கோலை வாங்கினாலும் உயிர் போகாது, திருப்பி அடித்தால் முன்பைவிட நல்ல இடத்தில் நிற்கலாம். முன்னே இருப்பவன் ஒரு கோல் விட்டால் இரண்டு புள்ளி போவதில்லை, சராசரியாக ஒன்றரைதான் போகிறது. கதவைச் சாத்தும் பயம் கொஞ்சமாவது குறையும்.

ஓட்டை இல்லையா? இருக்கிறது. 85-ஆவது நிமிடத்தில் 0-0 என்றால், ஆளுக்கு ஒரு கோல் விட்டுக்கொடுத்துப் பெனால்டிக்குப் போகலாம் என்று இருவருக்கும் தோன்றும். ஆனால் முதல் கோலை யார் விடுவது? நான் விட்ட பிறகு நீ கையை விரித்துவிட்டால்? என் பழைய விதியில் இரண்டு பேருக்கும் நிச்சய லாபம் இருந்தது. இங்கே முதலில் விடுகிறவன் தலைதான் உருளும். தாமான் போட்டிகளில் அவ்வளவு நல்லெண்ணத்தை நான் பார்த்ததில்லை.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எந்தப் புள்ளி முறையும் நம் மலேசிய சூப்பர் லீக்கின் பெரிய நோய்க்கு மருந்தில்லை. 2014 முதல் பத்துப் பருவங்களுக்கு மேல் தொடர்ந்து கிண்ணம் ஜொகூர் டாருல் தாக்சிம் அணியிடம்தான். ஐந்து கோல் வித்தியாசத்தில் முடியும் ஆட்டத்துக்குப் பெனால்டி எதற்கு? 2001-க்குப் பிறகு முதல் நிலை லீக்கின் கிண்ணம் எங்கள் பினாங்குப் பக்கம் வரவே இல்லை. நாங்களும் சிட்டி ஸ்டேடியத்தில் வெயில் தாழக் காத்திருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அது பணப் பிரச்சினை, வேறொரு நாள் புலம்புகிறேன்.

இந்த விடுமுறைப் போட்டிக்கு இந்த விதியைப் போட்டுப் பார்க்கலாம் என்று நேற்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். முதல் பதில் அந்த லோரி அண்ணனிடமிருந்துதான். இப்போது அவரும் குழுவில் இருக்கிறார். "ரூலு பரவால்ல தம்பி. ஆனா திடல்ல லைட்டு இல்ல. ஏழரைக்கு இருட்டிடும். பெனால்டிக்குப் பந்து தெரியுமா?"

இன்னும் பதில் போடவில்லை.