நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்றவங்ககிட்ட 'பாசிட்டிவா இரு'ன்னு சொல்லாதீங்க

ஓசூர் சிப்காட்டுல வேலை செய்யுற பசங்களுக்கு யாராவது "மனச லேசா வச்சுக்கோ, நல்லதையே நினை"ன்னு அட்வைஸ் பண்ணா எரிச்சல்தான் வருது. ஒரு வாரம் காலை ஷிஃப்ட், அடுத்த வாரம் நைட்டுன்னு உடம்பைக் கலைச்சுப் போட்டுட்டு, மனசை மட்டும் தனியா எப்படி நிமித்துறது? நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் மனநலம்னு பேசினா முதல்ல தூக்கத்தைப் பேசணும்கிறது என் கட்சி. தியானம், யோகா எல்லாம் அதுக்கு அப்புறம்.

நைட் முடிச்சு 6 மணிக்கு வெளிய வர்றவர் என்ன பண்றார்? கேட்டுக்கு வெளிய சூடா ஒரு டீ. கம்பெனி பஸ்ல ஜன்னலோரம் உட்கார்ந்து, கிருஷ்ணகிரி வர்ற வரைக்கும் வாய் பிளந்து ஒரு தூக்கம். வீட்டுக்கு வந்து குளிச்சு, சாப்பிட்டு, ரீல்ஸ் தள்ளிட்டு 10 மணிக்குப் படுத்தா புரள்றதுதான் மிச்சம். டீயில இருக்கிற கஃபீன்ல பாதி, சுமார் 5 மணி நேரம் கழிச்சும் ரத்தத்துல சுத்திட்டு இருக்கும். பஸ்ல போட்ட தூக்கம், ராத்திரி முழுக்கச் சேர்ந்த அசதியைக் கொஞ்சம் கரைச்சிருக்கும். மூஞ்சியில அடிச்ச காலை வெயில் 'விடிஞ்சாச்சு'ன்னு மூளையை எழுப்பி விட்டிருக்கும்.

கடைசி டீயை ராத்திரி 2 மணியோட நிறுத்துங்க. பஸ்ல தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போடுங்க, யாரு சிரிச்சாலும் சரி. பைக்ல போறவங்க கண்ணாடி விஷயத்தை விட்டுடுங்க. கண்ணு சொக்கினா கம்பெனியிலேயே 20 நிமிஷம் தூங்கிட்டுக் கிளம்புங்க. வீட்ல ரெண்டு இட்லி, 8 மணிக்குப் படுக்கை. ஷீட் போட்ட வாடகை ரூம் மதியத்துக்குள்ள கொதிக்க ஆரம்பிச்சிடும், அதனால லேட் பண்ண லேட் பண்ண நஷ்டம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டுங்க. டேபிள் ஃபேன் காத்துக்கு மட்டுமில்ல, அதோட இரைச்சல் பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்தை அமுக்கிடும். 20 நிமிஷம் போன மாதிரி இருந்தும் தூக்கம் வரலையா, எழுந்து வேற இடத்துல உட்காருங்க. படுக்கையிலேயே கிடந்து மல்லுக்கட்டினா, படுக்கையைப் பார்த்தாலே முழிக்கிற பழக்கம் வந்துடும்.

குவார்ட்டர் அடிச்சா தூக்கம் வருதேம்பாங்க. வரும். ரெண்டாவது பாதியில உடைஞ்சிடும், அடுத்த நாள் காரணமில்லாத படபடப்பும் சேர்ந்து வரும்.

பொம்பளைங்க நைட் பார்த்துட்டு வந்தா கதையே வேற. ஆம்பளை தூங்கினா வீடே அடங்கும். அவ தூங்கினா "சோறு ஆக்கலையா"ன்னு கேள்வி. மதியம் 2 மணி வரைக்கும் அவளை யாரும் எழுப்பக் கூடாதுன்னு வீட்ல ஒரு சட்டம் போட்டாலே, அது எந்த கவுன்சிலிங்குக்கும் குறைஞ்சதில்ல.

விவசாய வீட்ல ஷிஃப்ட் கிடையாது, விலை இருக்கு. பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி விலை விழுந்தா ராத்திரி முழுக்க மண்டி வாட்ஸ்அப் குரூப்தான். விலையை ஒரு நாளைக்கு ஒரு தடவை, குறிச்ச நேரத்துல பாருங்க. சாயங்காலம் 6 மணிக்கு 15 நிமிஷம், ஒரு நோட்டுல கவலையை எல்லாம் எழுதுங்க: இடது பக்கம் நாளைக்கு நான் செய்யக் கூடியது, வலது பக்கம் என் கையில இல்லாதது. வட்டி கட்ட ஒரு வாரம் தவணை கேக்குறது இடது. மார்க்கெட் விலை வலது. படுத்தப்புறம் அதே கவலை வந்தா "நோட்டுல இருக்கு, நாளைக்கு 6 மணிக்கு"ன்னு தள்ளி வைக்கலாம். நாலஞ்சு நாள் ஒட்டாது, விடாம எழுதுங்க.

இதெல்லாம் செஞ்சும் ரெண்டு வாரத்துக்கு மேல சோறு இறங்கல, எதுலயும் பிடிப்பில்ல, அழுகையா வருதுன்னா அது பழக்கத்தால சரியாகிற கட்டம் இல்ல. அரசோட மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசுவாங்க, காசில்ல. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கு. வீட்ல ஒருத்தர் "நான் இருந்து என்ன ஆகப் போகுது"ன்னு பேசினா, "சாகணும்னு தோணுதா"ன்னு நேராவே கேளுங்க. கேக்கிறதால அந்த நினைப்பு புதுசா வந்துடாது. தோட்டத்துக்கு வாங்கின பூச்சி மருந்தை அன்னிக்கே வீட்டை விட்டு வெளியேத்துங்க. அவரைத் தனியா விடாதீங்க.

மெடிக்கல்ல சொந்தமா தூக்க மாத்திரை வாங்காதீங்க. மனச்சோர்வுக்கு டாக்டர் குடுக்கிற மாத்திரை வேலை காட்ட 2 முதல் 4 வாரம், சிலருக்கு அதுக்கு மேலயும் ஆகும். முதல் வாரம் வயித்தைப் புரட்டலாம். அதுக்குள்ள "கேக்கல"ன்னு நிறுத்திடாதீங்க. டாக்டர்கிட்ட போறப்ப ஷிஃப்ட் சார்ட்டை போன்ல போட்டோ எடுத்துட்டுப் போங்க. மாத்திரையை எந்த நேரம் போடணும்னு அதைப் பார்த்துதான் சொல்ல முடியும்.