தப்பான சுவரும் ஒரு சட்டி கொண்டைக்கடலையும்

ரோமில் சில சில்லறைத் திருடர்கள். அடகுக்கடைப் பெட்டகத்தை உடைக்கப் பக்கத்து வீட்டுக்குள் புகுந்து ராத்திரி முழுக்கச் சுவரை இடிக்கிறார்கள். ஒருவழியாக ஓட்டை விழுந்து எட்டிப் பார்த்தால், அந்தப் பக்கம் இருப்பது அதே வீட்டின் சமையலறை! இடித்தது தப்பான சுவர். அப்புறம் என்ன செய்வார்கள்? அங்கே பாஸ்தாவும் கொண்டைக்கடலையும் போட்டுச் சமைத்த சாப்பாடு இருக்கிறது. உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவ்வளவுதான் கொள்ளை.

1958-இல் மரியோ மோனிச்செல்லி இயக்கிய ‘ஈ சோலித்தி இஞ்ஞோத்தி’ என்ற இத்தாலியப் படம் இது. பார்த்துப் பல வருஷம் ஆகியும் அந்தச் சாப்பாட்டு மேசை என் மனசை விட்டுப் போகவில்லை. இயக்குநரைப் பாராட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் பேச வந்தது சூசோ செக்கி தமீகோவோடும் மோனிச்செல்லியோடும் சேர்ந்து இதை எழுதிய இரண்டு பேரைப் பற்றி. அஜே என்ற அஜெனோரே இன்க்ரோச்சி, ஃபூரியோ ஸ்கார்பெல்லி. இரண்டு பேருமே 1919-இல் பிறந்தவர்கள், நகைச்சுவைப் பத்திரிகைகளிலிருந்து வந்தவர்கள். ஸ்கார்பெல்லி அங்கே கேலிச்சித்திரம் வரைந்துகொண்டிருந்தவர். 1949-இல் தோதோ என்ற பெரும் நகைச்சுவை நடிகருக்காக எழுத ஆரம்பித்து, முப்பது வருஷத்துக்கும் மேலாக இருவர் பெயரும் ஒன்றாகவே திரையில் வந்தது. நூறு படத்துக்கு மேல்!

தோதோவுக்கு எழுதிய அந்த ஆரம்ப காலத்தை, ஏதோ வயிற்றுப்பாட்டுக்குச் செய்த மலிவான வேலை மாதிரி சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. முதல் படமே போருக்குப் பிறகு குடியிருக்க வீடு கிடைக்காமல் குடும்பத்தோடு அலைகிறவனின் கதை. வீடில்லாதவன், பசித்தவன், வேலையில்லாதவன், இவர்களை வைத்துச் சிரிக்க வைக்கிறபோது அவர்களைக் கேவலப்படுத்தாமல் இருப்பது எப்படி என்பதை இவர்கள் அங்கேதான் கற்றார்கள் என்று நான் அடித்துச் சொல்வேன்.

அதே திருட்டுப் படத்தில் கோசிமோ என்று ஒருவன். துப்பாக்கியோடு அடகுக்கடைக்குள் போய் நீட்டுகிறான். உள்ளே இருக்கிறவர் பதறவே இல்லை, அடகு வைக்க வந்திருக்கிறான் என்று நினைத்துத் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து விலை சொல்கிறார். நாம் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். கொஞ்ச நேரத்தில் அதே கோசிமோ ஒரு பெண்ணின் கைப்பையைப் பறிக்கப் போய் டிராமில் அடிபட்டுச் செத்துப்போகிறான். நகைச்சுவைப் படத்தின் நடுவில் ஒரு சாவை வைத்து, அதற்கப்புறமும் நம்மைச் சிரிக்க வைக்க எவ்வளவு தைரியம் வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

அடுத்த வருஷமே இவர்கள் எழுத்தில் ‘லா கிராந்தே குவெர்ரா’. முதல் உலகப் போரில் எப்படியாவது உயிர் தப்பினால் போதும் என்று ஒளிந்து திரியும் இரண்டு பயந்தாங்கொள்ளிச் சிப்பாய்கள். கடைசியில் எதிரியிடம் மாட்டும்போது ஒருவன், தன் நாட்டுக்காரர்களை அந்த அதிகாரி ஏளனமாகப் பேசியதில் ரோஷம் வந்து வாயைத் திறக்க மறுத்துச் சாகிறான். இன்னொருவன் நான் கோழை, எனக்கு ஒன்றும் தெரியாது என்று கதறிக்கொண்டே சாகிறான். வெனிஸ் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கச் சிங்கத்தை வாங்கிய படம், அதை இயக்குநர் ரோஸ்ஸெல்லினியின் படத்தோடு பகிர்ந்துகொண்டது. வீரனைப் பற்றி யாரும் எழுதிவிடலாம், சாகும்வரை பயந்துகொண்டே இருந்தவனுக்கு மரியாதை வாங்கித் தருவதுதான் எழுத்து.

1980-இல் கான் திரைப்பட விழாவில் இவர்களுக்குச் சிறந்த திரைக்கதை விருது, இயக்குநர் எத்தோரே ஸ்கோலாவோடு சேர்த்து. பிறகு அஜேயும் ஸ்கார்பெல்லியும் பிரிந்தார்கள். 1994-இல் வந்த ‘இல் போஸ்தீனோ’வை நம்மில் நிறையப் பேர் பார்த்திருப்போம், கவிஞர் நெரூதாவுக்குத் தபால் கொண்டுபோகும் அந்தத் தீவுக்காரன். அதன் திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர்களில் நம் ஸ்கார்பெல்லியும் ஒருவர். எழுபதைத் தாண்டிய வயதில்! கவிதையான படம் என்று அதைக் கொண்டாடுகிறவர்கள் தோதோ படங்களையும் அதே மரியாதையோடு பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அஜே 2005-இலும் ஸ்கார்பெல்லி 2010-இலும் காலமானார்கள்.

இவர்களைத் தெரியாதவர்கள் திருட்டுப் படத்திலிருந்து ஆரம்பியுங்கள். அதன் முடிவில், தப்பித்து ஓடுகிற திருடர்களில் ஒருவனான பெப்பே வேலைக்கு நிற்கும் கூட்டத்துக்குள் சிக்கி கேட்டுக்குள் தள்ளப்படுகிறான். வெளியே நிற்கும் கூட்டாளிக் கிழவன் கப்பனெல்லே பதறிப்போய்க் கத்துகிறான், உள்ளே போனால் உன்னை வேலை செய்ய வைத்துவிடுவார்கள் என்று.