கட்டுச்சோற்றுக்குப் பிறகான வாரங்கள்

எங்கள் கொங்குப் பகுதியில் கர்ப்பிணி மகளுக்குச் செய்யும் கட்டுச்சோற்று விருந்து முடிந்து அவள் தாய்வீடு வந்துவிட்டால், குங்குமப்பூவிலிருந்து பிரசவ லேகியம் வரை பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். ஆனால், குழந்தை வெளிவரும் வழியிலுள்ள தசையும் தோலும் அந்த நாளுக்குப் பக்குவப்பட வேண்டும் என்பதை அம்மாவும் பேசுவதில்லை, அம்மாயியும் பேசுவதில்லை. பிரசவத்தில் கிழிந்து தையல் போடுவது பெண்ணாய்ப் பிறந்தவளின் தலையெழுத்து என்று விட்டுவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பெரினியம் என்ற இடத்தில்தான் முதல் பிரசவத்தில் பெரும்பாலும் கிழிசல் ஏற்படுகிறது, அல்லது மருத்துவர் கத்தரித்துத் தையல் போடுகிறார். 35ஆவது வாரத்திலிருந்து வாரம் ஒன்றிரண்டு முறை, நகத்தை ஒட்ட வெட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான தேங்காய் எண்ணெய் தொட்டு, கட்டைவிரலைப் பிறப்புறுப்பினுள் மூன்று நான்கு சென்டிமீட்டர் வைத்து, ஆசனவாய்ப் பக்கமாகவும் இரு பக்கவாட்டிலும், லேசாக எரியும் அளவுக்கு அழுத்திப் பிடித்து, ஐந்து நிமிடம் மெல்ல நீவிவிட வேண்டும். வயிறு பெருத்துக் கை எட்டாவிட்டால் கணவர் செய்யலாம். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. உதிரப்போக்கு, கிருமித்தொற்று, நஞ்சுக்கொடி கீழிறங்கியிருத்தல், பனிக்குடம் உடைதல் ஆகியவை இருந்தால் செய்யவே கூடாது. தொடங்கும் முன் மருத்துவரைக் கேட்பதே முறை. பலனை மிகைப்படுத்தவும் நான் விரும்பவில்லை. முதல் பிரசவப் பெண்கள் ஏறத்தாழ 15 பேர் இதைச் செய்தால் ஒருவருக்குத் தையல் தேவைப்படாமல் போகிறது என்பது மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013இல் புதுப்பித்த ஆய்வுத் தொகுப்பின் கணக்கு; ஆசனவாய்த் தசைவரை செல்லும் பெருங்கிழிசல் இதனால் குறைவதாக அதில் தெரியவில்லை. ஆனாலும், செலவில்லாத ஐந்து நிமிடத்துக்கு அந்த ஒருத்தியின் வலி போதுமான காரணம் என்றே எண்ணுகிறேன்.

சிறுநீரை அடக்குவதுபோல இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைக் கர்ப்பக் காலத்திலேயே பழகினால், பின்னாளில் சிறுநீர் கசிவது குறைகிறது. இருமினால் கசிந்துவிடுமோ என்று கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திக்கொண்ட அத்தை ஒருவரை எனக்குத் தெரியும். இந்தப் பயிற்சியை அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

பெருங்கிழிசலைக் குறைப்பது பிரசவ அறையில் செய்யும் ஒரு சின்னக் காரியம். குழந்தையின் தலை இறங்கும் நேரத்தில் வெதுவெதுப்பான ஈரத்துணியை அந்த இடத்தில் ஒற்றிவைப்பதை உலக சுகாதார நிறுவனமே 2018இல் பரிந்துரைத்திருக்கிறது. எல்லோருக்கும் வழக்கமாகக் கத்தரிப்பது வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறது. எனவே ஒன்பதாம் மாதப் பரிசோதனையிலேயே, “தேவைப்பட்டால் மட்டும்தான் கத்தரிப்பீர்களா? வெந்நீர் ஒத்தடம் கொடுப்பீர்களா?” என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். நம் அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாகப் பெண் உறவினர் ஒருவரை உள்ளே அனுமதிக்கிறார்கள். அப்படிப் போகிறவர் இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு போகட்டும்.